முப்பத்திரண்டு ஊருக்கு ஒரு கையெழுத்து

2019 டிசம்பர் 27ஆம் தேதி காலை கிராமத்து வாக்குச்சாவடிக்குள் போனவர்களின் கையில் நான்கு சீட்டுகளைக் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வருகிறவர், சொந்த ஊர் என்று வரும்போது நான்கு முறை முத்திரை குத்த வேண்டும். அன்றும் 30ஆம் தேதியுமாக இரண்டு கட்டங்களில் நடந்த அந்தத் தேர்தல் மொத்தம் 91,975 பதவிகளுக்கானது. 9,624 ஊராட்சித் தலைவர்கள், 76,746 வார்டு உறுப்பினர்கள், 5,090 ஒன்றியக் கவுன்சிலர்கள், 515 மாவட்டக் கவுன்சிலர்கள். 2020 ஜனவரி 6ஆம் தேதி பதவியேற்றார்கள். 2025 ஜனவரி 5ஆம் தேதி அவர்களின் காலம் முடிந்தது.

மறுநாள் அந்த இடங்களுக்குப் புதியவர்கள் யாரும் வரவில்லை. தனி அலுவலர் வந்தார். 2025ஆம் ஆண்டின் மீதி நாட்கள் முழுவதும் அவர்கள் இருந்த 28 மாவட்டங்களின் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் ஓடிவிட்டது. 2026 சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. சுவரெல்லாம் சின்னம் வரைய இடம் பிடித்தாயிற்று. ஊராட்சிக்கு எப்போது தேர்தல் என்று மட்டும் யார் வாயிலிருந்தும் தேதி வரவில்லை.

தனி அலுவலர் என்பது பொருத்தமான பெயர்தான். அவர் தனியாகத்தான் நிற்கிறார். தமிழகத்தில் 12,525 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்குச் சராசரி 32 ஊராட்சிகள். கிராம ஊராட்சிகளைப் பார்க்கிற வட்டார வளர்ச்சி அலுவலர், மக்கள் சொல்வதுபோல் சொன்னால் பிடிஓ, இந்த அத்தனை ஊருக்கும் தலைவர். தலைவர் மட்டுமா, வார்டு உறுப்பினர்களும் அவரே. தீர்மானம் கொண்டுவருவதும் அவர், அதை நிறைவேற்றுவதும் அவர், பணத்தை எடுப்பதும் அவர். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்று சட்டம் எதற்கு வைத்தது? ஒருவர் தவறினால் மற்றவர் தடுப்பார் என்பதற்காக. ஊர் தேர்ந்தெடுத்த அந்த இரண்டாவது கை இப்போது இல்லை.

பிடிஓக்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. காலையில் ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம், மதியம் வீடு கட்டும் திட்டப் பணிகளைப் பார்வையிடல், மாலையில் காணொளிக் கூட்டம் என்று ஓடுகிறவர் அவர். எந்த ஊரில் மோட்டார் எரிந்துபோனது, எந்தத் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை என்பது அவர் காதுக்கு எட்ட வேண்டுமானால் ஊராட்சி செயலர் சொல்ல வேண்டும். ஆக, ஊருக்குள் நிஜமான அதிகாரம் செயலரிடம், கிராமத்தில் இன்னமும் ‘கிளார்க்’ என்றே அழைக்கப்படுகிறவரிடம், போய்ச் சேர்கிறது. அவர் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஊழியர் அல்ல. ஆனால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அல்ல. தலைவர் என்றால் டீக்கடையில் மடக்கிக் கேட்கலாம். இரவு பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து திட்டலாம். ஒன்றியத் தலைமையிடத்துக்குப் பேருந்து ஏறிப்போய், ‘சார் மீட்டிங்ல இருக்காரு’ என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்புவதில் ஒருநாள் கூலி போய்விடும்.

கிராம சபை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கு நாட்களோடு, மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் 2022 முதல் அரசு சேர்த்தது. நல்ல முடிவு, பாராட்டினோம். உள்ளாட்சியே இல்லாத ஊரில் உள்ளாட்சி தினம் எப்படிக் கொண்டாடப்படும் என்று அன்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் அதையும் காட்டிவிட்டது.

இது நிர்வாக வசதிக்கான சிறிய தாமதம் அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நகரங்களுக்கான 74ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1. இரண்டும் ஒரே விஷயத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கின்றன: பதவிக்காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை, அடுத்த தேர்தல் அந்த ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் என்ற அவகாசம் ஒன்று அதில் உண்டு. ஆனால் அது ஊராட்சியை இடையில் கலைத்துவிட்டால் மட்டும். காலம் இயல்பாக முடியும்போது அந்த ஆறு மாதம் கிடையாது. தமிழகத்திலோ அந்த ஆறு மாதத்தை எங்கிருந்தோ இரவல் வாங்கி, ஆறு ஆறு மாதமாகத் தனி அலுவலர்களின் காலத்தை நீட்டுவது சட்டமன்றத்தின் வாடிக்கை ஆகிவிட்டது. 2016இல் தொடங்கிய அந்த நீட்டிப்பு மூன்றாண்டு தாண்டியும் நிற்கவில்லை.

உச்ச நீதிமன்றம் இதைப்பற்றிப் பேசாமல் இல்லை. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006லேயே, வார்டு மறுவரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளக் காரணமாகாது என்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் மறுபடி சொன்னது: மறுவரையறை நடந்துகொண்டிருந்தாலும் சரி, இடஒதுக்கீட்டுக் கணக்கு முடியாவிட்டாலும் சரி, இருக்கிற வார்டுகளை வைத்துக்கொண்டு தேர்தலை நடத்துங்கள். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனால் தீர்ப்பு ஒரு மாநிலத்துக்கு வந்தால் மற்ற மாநிலங்கள் அதைப் பக்கத்து வீட்டு நோட்டீஸாக நினைக்கின்றன.

நமக்கு இந்த நோய் பழையது. 1970இல் ஊராட்சித் தேர்தல் நடத்திய தமிழகம் அடுத்த தேர்தலை நடத்தியது 1986இல். அதற்கடுத்து 1996, அதுவும் அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகு. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, நாட்டிலேயே மிகப் பழையது என்று நாம் சொல்லிக்கொள்வது, 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை 23 ஆண்டுகள் மேயரோ கவுன்சிலரோ இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்தது. அந்த 23 ஆண்டில் கோட்டையில் இரு கட்சி ஆட்சியும் இருந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சியும் இருந்தது. யாருக்கும் அவசரமில்லை.

1996, 2001, 2006, 2011. இந்த நான்கு தேர்தல்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்தன. நோய் போய்விட்டது என்று நினைத்தோம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிக்கையை, அன்று எதிர்க்கட்சியாக இருந்த திமுக தொடுத்த வழக்கில், பழங்குடியினர் இடஒதுக்கீடு உள்ளிட்ட குறைகளுக்காக உயர் நீதிமன்றம் அக்டோபர் 4ஆம் தேதி ரத்து செய்தது. குறைகளைச் சரிசெய்து ஓரிரு மாதத்தில் நடத்தியிருக்கலாம். அதிமுக அரசு மூன்றாண்டுக்கு மேல் நடத்தவில்லை. 2017 செப்டம்பரில், நவம்பருக்குள் முடியுங்கள் என்று உயர் நீதிமன்றம் நாள் குறித்தும் நடக்கவில்லை. ஏன் நடத்தவில்லை என்று அன்று ஊர் ஊராகக் கேட்ட திமுக, 2025இல் தன் ஆட்சியில் தனி அலுவலர் மசோதாவைக் கொண்டுவந்தது. இப்போது கேட்பது அதிமுகவின் முறை. நாற்காலி மாறுகிறது, வசனம் மாறுவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2025 டிசம்பர் வரை ஏறத்தாழ 110 மாதங்கள். 28 மாவட்டக் கிராமங்களில் அதில் 60 மாதம்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். 50 மாதம் தனி அலுவலர். மாவட்டப் பிரிப்பால் ஒதுக்கிவைக்கப்பட்ட காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல். அங்கே சரியாக ஐந்தாண்டு, அதாவது ஒரு முழுப் பதவிக்காலமே காணாமல் போனது. நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி வரை, ஐந்தாண்டுக்கும் மேல். இதை இனியும் இடைக்கால ஏற்பாடு என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம். மக்கள் ஆட்சி ஒரு ஷிப்ட், அதிகாரிகள் ஆட்சி ஒரு ஷிப்ட் என்று ஊராட்சிகள் ஓடுகின்றன.

அந்த வெற்றிடம் காகிதத்தில் மட்டும் இருந்ததல்ல. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. தென்னை சாய்ந்து, மின்கம்பம் ஒடிந்து, சாலை அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களில் ஊருக்கு ஒரு தலைவர், தெருவுக்கு ஓர் உறுப்பினர் என்று யாருமில்லை. எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்தக் குடிசை விடுபட்டுப் போனது என்று பட்டியல் சொல்லும் ஆள் இல்லாத ஊருக்கு நிவாரணம் எப்படிப் போகும் என்பதை அந்த மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாறாக, 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகாத தலைவர்கள் கையில் ஊராட்சிகள் இருந்தன. அனுபவம் இல்லாதவர்கள்தாம். ஆனாலும் கிருமிநாசினி தெளிக்கவும், வெளியூரிலிருந்து வந்தவர் யார் என்று சொல்லவும் ஊருக்குள்ளேயே ஒருவர் இருந்தார்.

இந்த நாற்காலிக்காக உயிர் கொடுத்த மண்ணும் நம்முடையதுதான். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு கொடுத்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வாக்குப்பெட்டி பறிக்கப்பட்டது. எல்லாவற்றையும் மீறித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பேருந்தில் மேலும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தபோது தமிழகமே அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. 2021 அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தேர்ந்தெடுத்துப் போன ஊர் பாப்பாபட்டி. அந்தத் தேர்வில் ஒரு செய்தி இருந்தது. அதே பாப்பாபட்டியிலும் 2025 ஜனவரிக்குப் பிறகு தனி அலுவலர்தான். ஆதிக்கச் சாதிக்காரர்கள் பத்தாண்டு முட்டுக்கட்டை போட்டுச் சாதித்ததை ஒரு மசோதா சத்தமில்லாமல் சாதித்துவிட்டது என்று சொன்னால் கடுமையாகத் தெரியும். ஆனால் நாற்காலியில் ஆள் இல்லை என்பது இரண்டிலும் ஒன்றுதானே?

தமிழகத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம். 9,624 தலைவர் பதவி என்றால் ஏறத்தாழ 4,800 பெண்கள் தலைவர்களாக இருந்தார்கள். பலருடைய நாற்காலியில் கணவர் உட்கார்ந்தார் என்பது உண்மை. முதல் ஆண்டு கணவரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர், நான்காம் ஆண்டில் ஒன்றிய அலுவலகத்துக்குத் தானே ஸ்கூட்டியில் போய்ச் சண்டை போட்டதும் உண்மை. அந்தப் பாதி இடமும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடமும் தனி அலுவலர் காலத்தில் மொத்தமாக மறைந்துவிடுகின்றன. சமூக நீதி பேசும் மாநிலத்தில் இடஒதுக்கீட்டை ஒழிக்க யாரும் துணிய மாட்டார்கள். பதவியையே இல்லாமல் ஆக்கினால் கேட்பார் இல்லை.

மேலூர் வட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டபோது, 2024 நவம்பரில் அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. அந்தத் தீர்மானங்கள் போடப்பட்டபோது ஊராட்சிகளுக்குத் தலைவர்கள் இருந்தார்கள்; இன்னும் ஆறு வாரம் தள்ளியிருந்தால் இருந்திருக்க மாட்டார்கள். அரசு ஊழியர் ஒருவர் தலைமை வகிக்கும் கிராம சபையில், அரசே கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் எழுதப்படும் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

பணத்துக்கு வருவோம். நிதிக்குழு மானியம் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான் என்பது நெடுநாள் விதி. 2016க்குப் பிந்திய மூன்றாண்டுகளில் ஒன்றிய அரசு தமிழகத்துக்கு மானியத்தை நிறுத்திவைத்தது, நாம் டெல்லியிடம் மன்றாடிக்கொண்டிருந்தோம். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நாடு முழுதும் கிராம உள்ளாட்சிகளுக்கு மட்டும் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். வரிப் பங்கீட்டில் தமிழகத்துக்கு அநீதி நடக்கிறது என்று நாம் உரத்துச் சொல்கிறோம், நியாயமான குரல். அதே வாயால், வரவேண்டிய பணத்தைத் தேர்தல் நடத்தாமல் இழந்தால் யாரை நொந்துகொள்வது? மாநில உரிமை பேசுகிறவர்கள் ஊராட்சியின் உரிமையைப் பேசும்போது மட்டும் தொண்டை அடைத்துக்கொள்வது ஏன் என்று டெல்லிக்காரர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

பிற மாநிலங்களும் யோக்கியமல்ல என்பதில் ஆறுதல் தேடலாம். பெங்களூரு மாநகராட்சிக்கு 2020 செப்டம்பரில் காலம் முடிந்தது. பிறகு அதையே ஐந்தாகப் பிரித்தார்கள், 2025 முடியும்வரை கவுன்சில் வரவில்லை. மும்பையில் 2022 மார்ச்சில் காலம் முடிந்து, உச்ச நீதிமன்றம் விரட்டிய பிறகு, ஏறக்குறைய நான்காண்டு கழித்து வாக்குப்பதிவு. ஆனால் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025. கொரோனா உச்சத்தில் இருந்த ஆண்டிலும் நடத்தினார்கள். சில வாரங்கள் முன்பின் ஆனதுண்டு, ஆண்டுக்கணக்கில் ஆனதில்லை. அங்கும் மறுவரையறை உண்டு, வழக்கு உண்டு, கட்சிச் சண்டை நம்மைவிட அதிகமாகவே உண்டு. 2025 தேர்தலுக்கான மறுவரையறையை அவர்கள் 2024லேயே தொடங்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே என்ன நடந்தது? மறுவரையறை, நகர விரிவாக்கம், இரண்டு தொகுப்பாகப் பிரிந்துகிடக்கும் மாவட்டங்களை ஒன்றாக்குவது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாமே செய்ய வேண்டிய வேலைகள்தாம். எப்போது செய்தார்கள் என்பதைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கிற, 13 புதிய நகராட்சிகளையும் 25 புதிய பேரூராட்சிகளையும் உருவாக்குகிற பெரிய அறிவிப்பு வெளியானது 2025 பிறந்த கையோடு, பதவிக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில். ஐந்தாண்டு அவகாசம் இருந்த வேலைக்குக் கடைசி வாரத்தில் அடிக்கல் நாட்டிவிட்டு, வேலை முடியாததால் தேர்தல் இல்லை என்கிறார்கள். நகராட்சியோடு சேர்த்தால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று பல ஊர்கள் மறியலுக்கு வந்தன. அந்த எதிர்ப்பைத் தீர்மானமாக எழுதி அரசுக்கு அனுப்பவேண்டிய மன்றம் அந்த வாரமே காலாவதியானது. இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள நாம் தயார். ஆனால் தற்செயல்கள் எப்போதும் ஒரே பக்கம் சாய்வது உறுத்துகிறது.

அபாய மணி அடிக்க வேண்டிய இடத்துக்கு இப்போது வருகிறோம். நடந்ததைவிட நடக்கப்போவது பெரிது.

நாட்காட்டியைப் புரட்டுங்கள். 2026 அக்டோபரில் அந்த ஒன்பது மாவட்டங்களின் 2,901 ஊராட்சிகளுக்கும் காலம் முடிகிறது. 2027 மார்ச் தொடக்கத்தில் சென்னை உட்பட நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் முடிகிறது. இடையில் 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கணக்கெடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள்; வாக்குச்சாவடியில் உட்காருகிறவர்களும் அவர்களே; மார்ச்சில் பொதுத்தேர்வு நடத்துகிறவர்களும் அவர்களே. ஆக, தள்ளிவைப்பதற்கான காரணம் இப்போதே தயாராக, மடித்து, உறையில் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பு முடியட்டும் என்பார்கள். முடிந்ததும், புதிய மக்கள்தொகை எண் வரட்டும், அதை வைத்து வார்டு பிரிக்கலாம் என்பார்கள். வார்டு பிரித்ததும் யாராவது வழக்குப் போடுவார்கள். 2016இன் கதை அப்படியே திரும்பும், இம்முறை இன்னும் பெரிதாக. 2027 மார்ச்சில் மேயர் முதல் வார்டு உறுப்பினர் வரை தமிழகத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உள்ளாட்சிப் பிரதிநிதிகூட இல்லாத நிலை வரலாம். இது கற்பனை அல்ல. 2016 அக்டோபரின் கடைசி வாரத்திலிருந்து மூன்றாண்டு நாம் வாழ்ந்த நிலை.

ஊராட்சித் தலைவர்கள் என்ன உத்தமர்களா என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். இல்லை. தலைவர் பதவியையே ஊர்ப் பொதுவில் ஏலம் விட்ட ஊர்கள் உண்டு. தண்ணீர்த் தொட்டி கட்டாமல் பில் போட்டவர்கள் உண்டு. பட்டியல் சாதித் தலைவரைக் கொடியேற்ற விடாத துணைத் தலைவர்கள் உண்டு. ஆனால் தவறு செய்யும் தலைவரைப் பதவி நீக்க ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு ஆட்சியருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீக்கும் அதிகாரம் ஊருக்கே இருக்கிறது. தனி அலுவலர் தவறு செய்தால் ஊர் என்ன செய்யும்? இடமாற்றம் கேட்டு மனு கொடுக்கலாம். வருகிறவரும் இன்னொரு தனி அலுவலர்தான்.

பழைய தலைவர்களையே பொறுப்பில் தொடரவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ராஜஸ்தானில் 2025 ஜனவரியில் அப்படித்தான் செய்தார்கள், காலம் முடிந்த சர்பஞ்சுகளையே நிர்வாகிகள் ஆக்கினார்கள். ஊர் தெரிந்த ஆள் என்ற வகையில் அதிகாரியைவிட மேல் எனத் தோன்றும். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. தேர்தல் தள்ளிப்போனால் நமக்கு லாபம் என்று 12,525 பேரை நினைக்கவைப்பதைவிடத் தேர்தலுக்குப் பெரிய எதிரி வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது வேறு. கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31க்குப் பிறகு ஊர், வட்ட, மாவட்ட எல்லைகளை மாற்றக் கூடாது என்று ஒன்றிய அரசு சொன்னபோது எல்லா மாநிலங்களும் தலையாட்டின. தலை எண்ணுவதற்கு எல்லையை உறையவைக்க முடிகிறதென்றால் வாக்குப் போடுவதற்கு ஏன் முடியாது? பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய ஓராண்டில் எந்த ஊராட்சியையும் நகராட்சியோடு இணைக்கவோ தரம் உயர்த்தவோ கூடாது என்று ஊராட்சிகள் சட்டத்திலும் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்திலும் ஒரு வரி சேர்த்தால் போதும். கடைசி வார அறிவிப்புகள் தாமாக நின்றுவிடும்.

அதைவிட முக்கியமானது மாநிலத் தேர்தல் ஆணையம். வாக்காளர் பட்டியலும் வாக்குப்பெட்டியும் அதனிடம் இருக்கின்றன; எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்ற அறிவிக்கை அரசிடமிருந்து வர வேண்டும். அது வராதவரை ஆணையர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பந்தயத்தில் ஓடுகிறவரிடமே துப்பாக்கியைக் கொடுத்து, உனக்கு வசதியானபோது சுடு என்று சொன்னால் பந்தயம் எப்போது தொடங்கும்? காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது மறுவரையறையோ ஒதுக்கீடோ முடிந்திருக்காவிட்டால், பழைய வார்டுகளையும் பழைய ஒதுக்கீட்டையும் வைத்து ஆணையம் தானாகவே அறிவிக்கை வெளியிடலாம் என்று சட்டம் சொல்ல வேண்டும். இது புரட்சியல்ல, உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னதைச் சட்டப் புத்தகத்தில் எழுதுவது, அவ்வளவே.

தனி அலுவலரைத் தவிர்க்கவே முடியாத சூழலும் வரலாம், வெள்ளம் வரலாம், தொற்று வரலாம். அப்போதும் அவர் காலம் ஆறு மாதத்தோடு தானாக முடிய வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியின் ‘ஆம்’ போதாது. அதுவரை ஒவ்வொரு ஊராட்சியின் மாத வரவுசெலவையும் அவர் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற பசைக்குக்கூட நிதி இல்லை என்று சொல்ல முடியாது.

28 மாவட்டங்களுக்கும் ஒன்பது மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே தேர்தலாக நடத்த 2026 அக்டோபர் ஒரு வாய்ப்பு. இரு தொகுப்பையும் இணைக்க வேண்டும் என்று அரசு சொன்ன காரணமும் அதில் நிறைவேறிவிடும். சட்டமன்றத் தேர்தல் முடிந்து புதிய அரசு பொறுப்பேற்ற பிறகு கையில் இருப்பது நான்கைந்து மாதம். வார்டு வாரியாக வாக்காளர் பட்டியல் பிரிக்க, ஒதுக்கீட்டு அறிவிக்கை வெளியிட, ஆட்சேபம் கேட்க, மனுத்தாக்கல் நடத்த அது இறுக்கமான காலம். ஆனால் போதுமான காலம். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் முடிக்கலாம். நகரங்களுக்கு 2027 ஜனவரி. பிப்ரவரியில் கணக்கெடுப்புப் படிவத்தோடு ஆசிரியர்கள் தெருவில் இறங்குமுன் வாக்குகள் எண்ணப்பட்டிருக்க வேண்டும். கோட்டைக்குப் போட்டியிடும் கட்சிகள் இப்போது தேர்தல் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கின்றன. உள்ளாட்சிக்கு அதிகாரம் தருவோம், நிதி தருவோம் என்று அவற்றில் தவறாமல் ஒரு பக்கம் இருக்கும். இம்முறை வாக்குக் கேட்டு ஊருக்குள் வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நான்கு நிறச் சீட்டு எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் கேளுங்கள்.